வெயில் உள்ளவரை அணையாத மின்சாரம்

வாசகர் கேள்வி

வணக்கம். எனக்கு வயது 41. உட்லண்ட்சில் குடும்பத்துடன் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமகன். கட்டுமானத் துறையில் ஒன்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். பிறகு உரிய படிப்பை முடித்து, கடந்த நான்கு ஆண்டுகளாக வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். கூரைகளில் சூரியசக்தித் தகடுகளைப் பொருத்தும் நிறுவனம் ஒன்று பாதுகாப்புப் பொறுப்புக்காக என்னை நேர்காணலுக்கு அழைத்துள்ளது. மின்கலச் சேமிப்புப் பணிகளையும் விரைவில் எடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். "இருபது மாடிக் கட்டடத்தில் நிற்பதைவிட இது லேசான வேலைதானே" என்கிறார் என் மனைவி. அது சரியா? மின்சாரம் படிக்காத நான் அந்தத் துறையில் தாக்குப்பிடிக்க முடியுமா? இப்போதுள்ள இடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அங்கேயாவது என் பேச்சு எடுபடுமா?

பதில்

உங்கள் மனைவியின் கருத்திலிருந்தே தொடங்குகிறேன். அவரைவிட இந்தத் துறையை நன்றாக அறிந்திருக்க வேண்டிய பலரும் அதே கருத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். புகையில்லை, இரைச்சல் இல்லை, சுழலும் இயந்திரம் எதுவும் கண்ணில் படுவதில்லை. அதனால் சூரியசக்தி வேலை என்றாலே ஆபத்து குறைந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறு. உயரம், மின்சாரம், வெயில் ஆகிய மூன்றும் ஒரே கூரையில், ஒரே மனிதரின் மேல், ஒரே நேரத்தில் வந்து விழுகிற வேலை இது. கட்டுமானத் தளத்தில் இவை பெரும்பாலும் தனித்தனிக் குழுக்களின் ஆபத்துகளாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் துவாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக் கூரையில் நடந்ததைச் சொல்கிறேன். தகரக் கூரை, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரம். உள்ளே வெளிச்சம் வருவதற்காகத் தகரங்களுக்கு இடையே கண்ணாடியிழைத் தகடுகளைப் பதித்திருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ கூரை முழுவதற்கும் ஒரே சாம்பல் நிறச் சாயம் பூசியதால், எது தகரம், எது கண்ணாடியிழை என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வரைபடத்தில் அந்தத் தகடுகள் இருந்தன. ஆனால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறி ஒவ்வொரு வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தவர் எவருமில்லை. நானும் பார்க்கவில்லை. உயரத்தில் செய்யும் பணிக்கான அனுமதிச் சீட்டை மதிப்பிட்டுக் கையெழுத்திட்டவள் நான்தான்.

இரண்டு ஊழியர்கள் ஒரு சூரியத் தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு தகடு 20 முதல் 30 கிலோ வரை எடையும் சுமார் இரண்டு மீட்டர் நீளமும் இருக்கும். அதைத் தூக்கிச் செல்பவருக்குத் தன் பாதம் எங்கே பதிகிறது என்பது தெரியாது. பின்னால் வந்தவரின் வலது கால் தொடைவரை கூரைக்குள் இறங்கியது. இடது முழங்கால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டதால் அவர் அங்கேயே நின்றார். உடலில் பாதுகாப்பு வார் கட்டியிருந்தார். ஆனால் அதன் கொக்கி உயிர்காப்புக் கயிற்றில் இல்லை; தன் இடுப்பு வளையத்திலேயே அதை மாட்டி வைத்திருந்தார். காரணம் எளியது. கயிறு கூரையின் முகட்டில் ஓடியது. தகடுகளை அடுக்கி வைத்திருந்த இடமோ கீழ் ஓரத்தில் இருந்தது. கொக்கியை மாட்டினால் பாதி வழிக்குமேல் கயிறு எட்டாது.

அவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால் சிராய்ப்புக்கு மருந்து போட்ட பிறகு மெதுவாகக் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்; தமிழில்தான் பேசினோம். "மூணு நாளாவே அந்த வரிசையில கால வெச்சா சத்தம் வேற மாதிரி வந்துச்சுக்கா. எல்லாருக்கும் தெரியும். சொன்னா வேலைய நிறுத்துவாங்க, அப்புறம் ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லுவாங்கன்னு யாரும் சொல்லல" என்றார்.

இடர் மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படாத ஆபத்து கூரையில் வேலை செய்த ஆறு பேருக்கு மூன்று நாளாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நான் சொல்லப்போகும் பதில்கள் அந்த இடைவெளியைச் சுற்றியே இருக்கும். பாதுகாப்பு அதிகாரியின் வேலை கூரைக்குக் கீழே தாளில் முடிகிறதா, கூரைக்கு மேலே வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அறிவதில் முடிகிறதா என்பதைப் பொறுத்தே மற்றவை எல்லாம் அமைகின்றன.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அது பெரிய தடையன்று. மின்பணியை நீங்கள் செய்யப்போவதில்லை. எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அதைச் செய்யவும் சான்றளிக்கவும் வேண்டும். அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு, அவர் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் அளவுக்கு அறிவு உங்களுக்கு வேண்டும். அதற்கு அடிப்படையான ஓர் உண்மையை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிடுவீர்கள்: கட்டுமானத் தளத்தில் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு வேலை செய்யலாம், சூரியத் தகட்டை வெயில் உள்ளவரை அணைக்க முடியாது.

வீட்டு மின்சாரம் இங்கே 230 வோல்ட். ஒரு சூரியத் தகடு தனியாக 40 முதல் 50 வோல்ட்தான் தரும் என்பதால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 18 அல்லது 20 தகடுகளை வரிசையாகக் கோத்தால் அந்த வரிசையின் இரு முனைகளுக்கும் இடையே 700 முதல் 1,000 வோல்ட் வரை நிற்கும். தகடுகளின் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும், கட்டடத்தின் முதன்மை மின்சுவிட்சையே இறக்கினாலும், தகட்டிலிருந்து ஐசோலேட்டர் என்னும் துண்டிப்புச் சுவிட்ச் வரையுள்ள கம்பியில் அந்த மின்னழுத்தம் அப்படியே இருக்கும். "ஆஃப் பண்ணிட்டோம்" என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தான் அணைத்ததை மட்டுமே சொல்கிறார். "எந்தப் பக்கம் ஆஃப்?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இது நேர்மின்னோட்டம் (டிசி). நம் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் (ஏசி) ஒரு நொடியில் 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால், சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் மின்பொறி பெரும்பாலும் உடனே அணைந்துவிடும். நேர்மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு கனெக்டரைப் பிடுங்கினால், பிரியும் இரு முனைகளுக்கும் இடையே தீ ஒரு வில் போல நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். நான் அதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெல்டிங் பொறி போன்ற வெளிச்சம், சீறும் ஓசை, கருகும் பிளாஸ்டிக் நாற்றம். அந்த ஊழியர் கையை உதறி விலகிய பிறகும் அது எரிந்தது. அவருடைய கையுறையின் விரல் நுனிகள் உருகியிருந்தன. நல்லவேளையாகக் கண்ணுக்குக் கவசம் அணிந்திருந்தார்.

ஆகவே வரிசைமுறை முக்கியம். முதலில் மாறுமின்னோட்டப் பக்கத்தை அணைக்க வேண்டும். பிறகு நேர்மின்னோட்ட ஐசோலேட்டரைத் திறந்து பூட்ட வேண்டும். அதன்பின் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டம் சுழி என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகே கனெக்டரில் கை வைக்கலாம். கடைசிக்கு முந்திய அந்தப் படியைத்தான் மாலை ஐந்து மணிக்கு, மழை மேகம் திரளும்போது, அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். கம்பியின் காப்புறை எங்காவது உரிந்து கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஐசோலேட்டர் திறந்த நிலையிலும் மின்னோட்டம் பாயக்கூடும். கிளாம்ப் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும். வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த கனெக்டர்கள் ஒன்றில் ஒன்று பொருந்துவதுபோல் தோன்றினாலும் அவற்றைச் சேர்த்து மாட்ட விடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகப் பிடிப்பு சரியாக அமையாமல், மாதக்கணக்கில் சூடேறி, ஆள் இல்லாத ஒரு நாளில் தீப்பிடிக்கும். நிறுவியவர்கள் அதற்குள் வேறு கூரைக்குப் போயிருப்பார்கள். இதை நீங்கள் கண்டுபிடிக்க மின்பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து கனெக்டரில் அச்சிட்ட பெயரைப் படித்தால் போதும்.

வெயிலைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த வெப்பப் பாதுகாப்பு நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரி செல்சியசைத் தொட்டால் கடினமான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வும், 33 டிகிரியைத் தொட்டால் 15 நிமிட ஓய்வும் தர வேண்டும். புதிதாக வந்தவர்கள் வெயிலுக்குப் பழகக் குறைந்தது ஏழு நாள் தேவை. ஆனால் கூரை வேலையில் ஒரு சிக்கல் உண்டு. அளவுமானியைக் கீழே, தளவாடங்கள் வைத்திருக்கும் கூடாரத்தின் ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். மேலே, தகரமும் தகடும் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும் இடத்தில், அளவு வேறாக இருக்கும். மானியை ஊழியர்கள் நிற்கும் இடத்துக்கு ஏற்றுங்கள். ஓய்வு நேரம் 10 நிமிடம் என்றால் ஏணியில் இறங்கி ஏறவே ஆறு நிமிடம் போய்விடும். நிழலும் தண்ணீரும் கூரையிலேயே இருக்க வேண்டும் என்று விலைப்புள்ளி கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். சுமத்ரா சூறைக்காற்று வீசும் மாதங்களில், அதிகாலையிலிருந்து நண்பகலுக்குள் திடீரென அடிக்கும் காற்றில், கட்டப்படாத ஒரு தகடு பாய்மரமாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையின் பெரிய ஆபத்து வேலையின் தன்மையில் இருப்பதைவிட அதன் அளவில் இருக்கிறது என்பது என் துணிபு. நீங்கள் இப்போது இருக்கும் தளம் பெரியது. ஒப்பந்த மதிப்பு 10 மில்லியன் வெள்ளியைத் தொட்டால் பதிவுபெற்ற பாதுகாப்பு அதிகாரி இருந்தாக வேண்டும். வடிவமைப்புக் கட்டத்திலேயே பாதுகாப்பைச் சிந்திக்கக் கட்டாயப்படுத்தும் விதிமுறைகளும் 10 மில்லியன் வெள்ளித் திட்டங்களுக்குத்தான். 2024 ஜூன் முதல் கட்டாயமான காணொளிக் கண்காணிப்பு ஒப்பந்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளியை எட்டும் கட்டுமானத் தளங்களுக்கு. தொழிற்சாலைக் கூரை ஒன்றில் தகடு பொருத்தும் வேலை பெரும்பாலும் இந்த எல்லைகளுக்கெல்லாம் மிகக் கீழே, சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரே குழு இந்த மாதம் உட்லண்ட்ஸ், அடுத்த மாதம் துவாஸ், அதற்கடுத்து சாங்கி என்று போகும். ஒவ்வொரு கூரையும் புதியது, ஒவ்வொன்றின் பலவீனமும் வேறு. பெரிய தளத்தில் இரண்டு ஆண்டுகள் இருப்பதால் ஊழியர்களுக்குள் உருவாகும் பழக்கமும் எச்சரிக்கையும் இங்கே உருவாகுமுன் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் உயர விதிகள் ஒப்பந்தத் தொகையைப் பார்ப்பதில்லை. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். விழுவதைத் தடுக்கும் திட்டமும் எழுத்தில் வேண்டும். இடர் மதிப்பீடு எல்லா வேலையிடத்துக்கும் கட்டாயம். 2024 ஜூன் முதல் இந்தத் துணைவிதிகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. வேலையிட மரணங்கள் 2022இல் 46, 2023இல் 36, 2024இல் 43. உயரத்திலிருந்து விழுவது ஆண்டுதோறும் முதன்மைக் காரணங்களில் ஒன்றாகவே இருந்துவருகிறது. 2021இல் அறிவித்த பசுமைத் திட்டத்தில் சிங்கப்பூர் 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் சூரியசக்தி என்ற இலக்கை வைத்தது. நிலம் குறைந்த நாட்டில் அதில் பெரும்பங்கு கூரைகளில்தான் வர வேண்டும். ஒவ்வொரு கூரையிலும் யாரோ நடந்தாக வேண்டும்.

தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் தொடங்கிய 60 மெகாவாட் மிதவைப் பண்ணை போன்ற வேலைகளில் உயரத்துக்குப் பதிலாக நீர் வருகிறது. மிதவை உடை, படகு, திறந்தவெளியில் மின்னல் எச்சரிக்கை என்று பட்டியல் மாறினாலும் சிந்திக்கும் முறை ஒன்றுதான். அதில் நான் அதிகம் தங்கப்போவதில்லை.

மின்கலச் சேமிப்பு அப்படியன்று. அங்கே நீங்கள் மாணவராகவே நுழைய வேண்டும். ஜூரோங் தீவில் 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட சேமிப்பு நிலையம் அப்போதே 285 மெகாவாட்-மணி மின்சாரத்தைத் தேக்கிவைக்கக்கூடியதாக இருந்தது. லித்தியம் மின்கலங்களை ஏற்றிய கொள்கலன்கள் வரிசையாக நிற்கும் இத்தகைய இடங்களில் பகலும் இல்லை, இரவும் இல்லை. மின்னழுத்தம் எப்போதும் உள்ளே இருக்கிறது. ஒரு கலம் பழுதாகி அளவுமீறிச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துக் கலத்தையும் சூடேற்றும், அது அடுத்ததை. இதற்கு வெளியிலிருந்து தீ தேவையில்லை. தீச்சுடர் தெரியாத நேரத்திலும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்கள் கொள்கலனுக்குள் நிரம்பும்.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சர்ப்ரைஸ் நகரிலிருந்த ஒரு சேமிப்பு நிலையத்தில் இதுதான் நடந்தது. தீயணைப்பு வாயு தானாகவே வெளியாகியிருந்தது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நிலைமை அடங்கிவிட்டதாகத் தோன்றியது. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தீயணைப்பாளர்கள் கதவைத் திறந்தார்கள். காற்று உள்ளே போனது. உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. பலர் படுகாயமடைந்தார்கள். நம்முடைய துறையில் "தீ அடங்கிவிட்டது, போய்ப் பார்க்கலாம்" என்பது மிக இயல்பான வாக்கியம். மின்கலக் கொள்கலன் முன்னால் அந்த வாக்கியத்தை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கதவைத் தொடாமல் உள்ளே என்ன வாயு, எவ்வளவு என்று தெரிந்துகொள்ள என்ன ஏற்பாடு இருக்கிறது, வெடித்தால் அழுத்தம் எந்தப் பக்கம் வெளியேறும், ஆட்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கி, சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து நிற்கும்போது அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுக்கக்கூடிய நிலையில் இருங்கள். இந்தப் பணிகளை நிறுவனம் எடுக்கப்போகிறது என்றால், எடுக்குமுன் உங்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

படிப்பைப் பொறுத்தவரை வழி தெளிவாகவே இருக்கிறது. ஒருங்கிணைப்பாளருக்கான மேம்பட்ட சான்றிதழ் உங்களிடம் உண்டு. அடுத்தது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான சிறப்புப் பட்டயம். அதை முடித்து, தொடர்புடைய வேலையில் இரண்டு ஆண்டு அனுபவமும் காட்டினால் மனிதவள அமைச்சிடம் அதிகாரியாகப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். அனுபவத்துக்கு உங்களிடம் குறையில்லை. 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் சேர்த்த 4,000 வெள்ளியை எந்தப் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று பாருங்கள். சும்மா கிடக்க விடாதீர்கள். கடலில் காற்றாலை அமைக்கும் திட்டங்களுக்காக இங்குள்ள கப்பல் பட்டறைகள் வேலை செய்கின்றன; பின்னாளில் அந்தப் பக்கம் போக விருப்பமிருந்தால், உலகக் காற்றாலை அமைப்பான ஜிடபிள்யூஓ வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தேவைப்படும். இப்போதைக்கு அது அவசரமில்லை. அதைவிட அவசரம், உரிமம் பெற்ற ஒரு மின்பணியாளருடன் ஒரு முழு நாள் கூரையில் நின்று, அவர் செய்யும் ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்பது. நான் அப்படித்தான் கற்றேன். கேட்பதற்கு வெட்கப்பட்டிருந்தால் இன்றும் தெரிந்திருக்காது.

கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. உண்மையைச் சொல்கிறேன். சட்டத்தின்படி பாதுகாப்பு அதிகாரியின் கடமை, ஆபத்துகளைக் கண்டறிய உதவுவதும் பரிந்துரைப்பதும் நிறைவேற்றத் துணைநிற்பதும்தான். வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு முதலாளியுடையது, அந்த இடத்தைத் தன் பிடியில் வைத்திருப்பவருடையது. ஆகவே உங்கள் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் அவர்களும் முன்போல் விலகி நிற்க முடியாது. தலைமை நிர்வாகிகளும் இயக்குநர் குழுவினரும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் நடைமுறை விதித்தொகுப்பு 2022 அக்டோபரில் வெளியானது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்குத் தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அமைச்சிடம் முறையிட்டார் என்பதற்காக ஓர் ஊழியரை வேலைநீக்கம் செய்வதும் அப்படிச் செய்வதாக மிரட்டுவதும் குற்றம். இவற்றை மிரட்டலாக அன்றி, அவருக்கே நன்மை தரும் தகவலாக முதலாளியிடம் ஒருமுறை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது.

ஆனாலும், நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தைவிட, நிறுத்த வேண்டிய நிலை வராமல் பார்க்கும் வாய்ப்பு பெரியது. துவாஸ் கூரையில் அந்த ஊழியர் கொக்கியை மாட்டாததற்குக் கயிறு எட்டாததுதான் காரணம் என்று சொன்னேன். அதை அன்று காலை ஏழரை மணிக் கூட்டத்தில் சரிசெய்ய முடியாது; கயிற்றை எங்கே ஓட்டுவது, தகடுகளை எங்கே இறக்குவது, நடைபாதைப் பலகை எத்தனை மீட்டர் என்று விலைப்புள்ளி தயாரிக்கும் நாளில்தான் சரிசெய்ய முடியும். அந்த மேசையில் எனக்கு அன்று இடமில்லை. இடம் கேட்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கூரையை நேரில் பார்க்காமல் எந்த அனுமதிச் சீட்டிலும் நான் கையெழுத்திட்டதில்லை. விலைப்புள்ளி வெளியே போகுமுன் என் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முதல் மூன்று மாதம் முணுமுணுத்தார்கள். கூரைக்கு நடுவில் வேலை நின்று, பாரந்தூக்கி வாடகை வீணாவது குறைந்ததும் முணுமுணுப்பும் நின்றது.

இன்னொரு பலம் உங்களிடம் இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவேயில்லை. இந்தக் கூரைகளில் ஏறும் தம்பிகளில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். காலைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும் இடர் மதிப்பீட்டுக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், தமிழில் "நேத்து எங்க கால் வழுக்குச்சு?" என்று கேட்டால் பேசுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் சொன்னதால் வேலை நின்று, அதனால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையோ ஓவர்டைம் காசோ போனால், மறுமுறை சொல்ல மாட்டார்கள். ஆபத்தைச் சொன்னவருக்கு நட்டம் வராதபடி நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது போலவே நீங்களும் அவர்களிடம் கேளுங்கள். சென்ற ஆண்டில் பாதுகாப்புக் காரணத்துக்காக எத்தனை முறை வேலை நின்றது, யார் நிறுத்தினார் என்று கேளுங்கள். "ஒருமுறைகூட இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். விலைப்புள்ளியில் கூரைச் சோதனைக்கும் உயிர்காப்புக் கயிற்றுக்கும் தனி வரி இருக்கிறதா, அல்லது "இதர செலவு" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறதா என்று பார்க்கக் கேளுங்கள். ஒருவர் விழுந்து கயிற்றில் தொங்கினால் அவரை எத்தனை நிமிடத்தில், யார், எதைக்கொண்டு இறக்குவார்கள் என்று கேளுங்கள். "995ஐ அழைப்போம்" என்பது மட்டும் பதிலாக வந்தால் போதாது. உடலை வார் இறுக்கியபடி அசைவற்றுத் தொங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து கூடும், தகடுகள் நெருக்கமாக அடைத்த கூரையில் மீட்பவர்கள் நடக்கவே வழியிருக்காது. முடிந்தால் அவர்கள் இப்போது வேலை செய்யும் ஏதாவது ஒரு கூரைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். அங்கே ஊழியர்களின் கொக்கிகள் கயிற்றில் இருக்கின்றனவா, இடுப்பு வளையத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் மனைவியிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நேர்காணலில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கூரையை நேரில் பார்க்க விட்டார்களா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.